தொண்டையைக் கனைக்கும் பெட்டி

சூடேறும் ரேடியோ வால்வின் கண்ணாடி மேல் படிந்த தூசு கருகும்போது ஒரு மணம் வரும். அடுப்பில் வைத்து மறந்துபோன வெறும் சட்டிக்கும், அப்போதுதான் அயர்ன் பண்ணின சட்டைக்கும் நடுவில் நிற்கிற மணம் அது. தெஹியோவிட்டவிலிருந்து மேலேறிப் போகும் ரப்பர்த் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவுக்குள் நான் பள்ளிக்கூடம் விட்டு நுழையும்போதெல்லாம் ஒரு மழைக்காலம் முழுதும் அந்த மணம்தான் என்னை வரவேற்றது. ரசம் மணக்க வேண்டிய நேரத்தில் உருகிய ஈயம் மணந்தால் பசித்த பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

எல்லாம் என் அக்காவின் வேலை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த அவளுக்கு, கொழும்பில் ரேடியோச் சாமான் கடையில் வேலை செய்த பெரியம்மா மகன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். யாரோ வாங்கி, பாதி பூட்டி, வெறுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன "கிட்". இரண்டு வால்வுகள், ஒரு டிரான்ஸ்போமர், ஒரு பிடி சில்லறைப் பாகங்கள். பெயர் "ப்ரீ-அம்ப்". பாட்டு பெரிய அம்ப் என்கிற ஒலிபெருக்கிக்குப் போவதற்கு முன்னால் அதன் மெல்லிய சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுகிற சாமான் என்று அக்கா விளக்கினாள். அம்மா ரப்பர்ப் பால்வெட்டும் கத்தியைத் தீட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இது பாடாதா? பாடுறதுக்கு முந்தி தொண்டையக் கனைக்கிற சாமானா?" என்றாள். இன்றுவரைக்கும் இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்காவுக்குக் கொழும்பில் எலக்ட்ரோனிக்ஸ் கோர்ஸ் படிக்க ஆசை. அப்பாவுக்கு அவள் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து, நாலு பேரைப் போலக் காலையில் பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, நல்ல இடத்தில் கல்யாணம் கட்ட வேண்டுமென்று ஆசை. தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுக் காயவைப்பது அவர் வேலை. பேச்சும் அந்தப் புகையைப் போலக் கண்ணைக் கரிக்கும். ஒருநாள் சோற்றுக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "கோயில் திருவிழாவுக்குள்ள இந்தச் சனியன் ஒழுங்காப் பாடுச்சின்னா நீ கொழும்புக்குப் போ. இல்லாட்டி வாயப் பொத்திக்கிட்டுப் பேர் பதிஞ்சிரணும்." அக்கா சரியென்று தலையாட்டினாள். அவள் தோற்றுவிட்டால் வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது மட்டும் எனக்கு அந்த வயதிலேயே தெரிந்தது.

பெட்டிக்குள் ஆளைத் தூக்கியடிக்கிற கரண்ட் ஓடுமாம். அதனால் சோதிக்கும்போது அக்கா ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மற்றக் கையால் மட்டுமே தொடுவாள். தோட்டத்துத் துரை பெரட்டுக் களத்தைச் சுற்றிப் பார்க்கிற அதே தோரணை. அம்மா சுளகைத் தூக்கிக்கொண்டு கடக்கும்போது, "துரை அம்மா, இன்னைக்கி எங்களுக்குப் பேர் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

வீட்டுப் பழைய ரேடியோவோடு பூட்டியதும் பெட்டி பாடியது. ஆனால் பாட்டின் நடுவே, எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல், "டொய்ங்... டொய்ங்..." என்று மணியடித்தது. தவில்காரன் குடித்துவிட்டு வாசித்திருக்கிறான் என்றாள் அம்மா. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார் அப்பா. அக்கா ஈயம் வைத்த இடத்தையெல்லாம் மறுபடி உருக்கினாள், இடது வால்வை வலதில் செருகினாள், வயர்களைப் பின்னலைப் போல முறுக்கிக் கட்டினாள். மத்தியானத்தில் சோதித்தால் பெட்டி சாதுவாக இருக்கும். சாயந்திரம் அப்பா வந்து உட்கார்ந்ததும் "டொய்ங்" தொடங்கிவிடும். "என் மூஞ்சியப் பார்த்தா அதுக்கும் புடிக்கலயா?" என்று அவர் நிஜமாகவே மனம் நொந்து கேட்டார்.

ஒரு சாயந்திரம் பக்கத்துக் காம்பராவிலிருந்து மாரியாயி அத்தை, "என்னாடி, இன்னும் சரிவரலியா அது?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டாள். எங்கள் லயத்தில் சுவர் ஒன்றுதான், குடும்பம் இரண்டு. அத்தை பேச வாயைத் திறந்த அந்தக் கணத்தில் மணி நின்றது. அக்கா துள்ளி எழுந்தாள்.

"அத்த, நீங்க என்னா செய்றீங்க?"

"மொளகா இடிக்கிறேன். ஏன்?"

"ஒருக்கா இடிங்க!"

டொய்ங்.

"நிப்பாட்டுங்க!"

சத்தமே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். அந்த வால்வுக்கு உடம்பெல்லாம் காது. பெட்டி இருந்த பலகையோ இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஆணியடித்துப் பொருத்தியது. அத்தை வேலை விட்டு வந்து உலக்கையைத் தூக்கினால் சுவர் அதிரும், பலகை அதிரும், வால்வும் சேர்ந்து பாடும்.

இனி அதிர்வை அடக்க வேண்டும். இங்கேதான் அப்பா களத்தில் குதித்தார். பந்தயத்தில் தான் எந்தப் பக்கம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. "அதிருதுன்னா ரப்பர் வைக்கணும். ஊரே ரப்பர்ல நிக்கிது, நீ எதையோ தேடுறே!" என்றார். மறுநாள் புகைக்கூடத்திலிருந்து ஒரு ஷீட் துண்டை இடுப்புச் சாரத்துக்குள் சுருட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்து ரப்பரில் ஒரு விரல் அகலம் வெளியே போனாலும் வேலைக்கே ஆபத்து. அக்கா பீலியடிக்குத் தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு கீற்றை வெட்டி வால்வுக்குக் கழுத்துத் துண்டு போலச் சுற்றிவிட்டு, மிச்சத்தை டிரான்ஸ்போமருக்கு மேல் மடித்துப் போட்டு, சுவிட்சையும் தட்டினார்.

டயர் செய்யும்போதுதான் ரப்பருக்குச் சூடு தாங்கும் பக்குவம் வரும். ஷீட்டாக இருக்கும்வரை அது வெயிலில் வைத்த வெல்லம். பத்திரமாகக் கொண்டு வந்த துண்டு இளகி, குழைந்து, புகைக்கூடமே எங்கள் வீட்டுக்குள் குடிவந்ததைப் போல நாற ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வாச்சர் ஐயா லயத்துப் பக்கம் சுற்றி வந்தார். ரப்பர்த் திருட்டைப் பிடிப்பதற்கென்றே தோட்டம் வைத்திருந்த சிங்களவர்.

"பெருமாள், மொகக்த மே கந்த?" இது என்ன நாற்றம் என்று வாசலில் நின்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா சுவிட்சை அணைத்து, சூட்டோடு ரப்பரை வழித்தெடுத்து, ஸ்டூலில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையைக் கேட்டிருக்கிறேன். சூடான ரப்பரைச் சாரத்தில் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் முகம் போன போக்கைக் கண்டு அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். வாச்சர் ஐயா உள்ளே வந்து பெட்டியை உற்றுப் பார்த்தார். அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை எங்காவது இழுத்துப் போயாக வேண்டுமே! அப்பா உரத்த குரலில் ஆரம்பித்தார்:

"மகே துவ கொழும்ப யனவா, மாத்தயா! இகெனகன்ன!"

என் மகள் கொழும்புக்குப் போகிறாள், படிக்க. தண்ணீர்க் குடத்தோடு வாசலில் வந்து நின்ற அக்காவின் காதில் அது விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் விழுந்தது. "ஏண்ணே, புள்ள கொழும்புக்குப் போகுதா? சொல்லவே இல்லியே!" என்று அத்தை கத்தினாள். அதற்கும் அடுத்த காம்பராவில் யாரோ "எப்பவாம்?" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் செய்தி கடைசிக் காம்பரா வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

வாச்சர் ஐயா அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே இறங்கினார். படியில் நின்று, "பெருமாள், ஹெமின் நெகிடின்ன" என்றார். மெல்ல எழும்பு என்று அர்த்தம்.

அப்பா எழும்பினார். ஸ்டூலும் கூடவே எழும்பியது.

பிறகு அக்கா பெட்டியைச் சுவரிலிருந்து எடுத்து, பழைய சேலையை மடித்து உட்காரும் கதிரையில் போட்டு, அதன்மேல் வைத்தாள். திருவிழாவில் அது ஒரு குறையும் இல்லாமல் கனைத்தது. ஆனால் அவளுடைய பயணம் அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. ஊருக்கே சொன்ன வார்த்தையை அப்பாவால் மாற்ற முடியவில்லை.

இப்போது அந்த மலையில் ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் கட்டுப்பொல் மரங்கள் முள்ளும் கையுமாக நிற்கின்றன. புகைக்கூடத்துக்குக் கூரை போய்விட்டது. லயத்தை இடித்துத் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த வீட்டில் மிளகாய் இடித்தாலும் கேட்காது, இடிப்பாரும் இல்லை, எல்லாம் பாக்கெட்டில் வருகிறது. மாரியாயி அத்தை காலமாகிவிட்டாள். வாச்சர் ஐயா எந்த ஊருக்குப் போனாரோ தெரியாது. அந்தச் சாயந்திரத்துக்குச் சாட்சி சொல்ல வெளி ஆள் ஒருவரும் மிச்சமில்லை. அது அப்பாவுக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது.

போன பொங்கலுக்கு, ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கும் அக்கா தன்னோடு வேலை செய்பவர்களை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். அப்பா அவர்கள் நடுவே நிமிர்ந்து உட்கார்ந்து, "பொம்பளப் புள்ளைய யாரு கொழும்புக்கு அனுப்புவாங்க? ஊரே வேணாம்னுச்சு. நான்தான் துணிஞ்சி அனுப்புனேன்" என்றார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போவதுபோல அவசரமாகக் குசினிக்குள் போனாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"ஆமாப்பா, நீங்கதான் அனுப்புனீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பொங்கல் வைத்தாள்.