‘ஒன் ஜோடி எங்கடா?’ என்று கேட்டவர்

நிறுத்தம் இல்லாத இடத்தில் பஸ் நின்றால் கீரனூர்க் கடைவீதி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். போன வாரம் என் மளிகைக் கடை வாசலில் அப்படித்தான் புதுக்கோட்டை பஸ் நின்றது. கண்டக்டர் சுப்பையா இறங்கவில்லை. படியில் நின்றபடியே, டிக்கெட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, “வைரவா, சார் போயிட்டாருடா” என்றான்.

எந்த சார் என்று நான் கேட்கவில்லை. குளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் எங்களோடு படித்தவர்களுக்கு இந்தப் பூலோகத்தில் ஒரே சார்தான் உண்டு, கணக்கு எடுத்த நல்லதம்பி சார். மற்றவர்கள் எல்லாம் வாத்தியார்கள்.

“காளிமுத்துக்கு யார்றா சொல்றது?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் நிப்பாட்டினேன்” என்றான் சுப்பையா.

அழ வேண்டிய நேரத்தில் ஏன் இன்னொருவனைத் தேடினோம் என்று சாரை அறியாதவர்கள் கேட்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்பவன் என்று என் அக்கா பிள்ளைகள் மூன்று ஜில்லாவுக்குப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஆகவே என்னைப் பற்றி நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். சாரைப் பற்றிச் சொல்வதில் எதையும் தள்ள வேண்டாம்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆன வருஷம் அது. ராஜாவே போய்விட்டார், இனி நம்மை யார் கேட்பது என்று பெரியவர்கள் கவலையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கேட்பதற்கென்றே பிறந்தவர்போல சார் குளத்தூருக்கு வந்து சேர்ந்தார்.

கவலைப்படுவதில் அவர் சக்கரவர்த்தி. மேகம் கூடினால் மழை வந்து பிள்ளைகள் நனைவார்களே என்று கவலை. மேகம் கலைந்தால் மழை இல்லாமல் பிள்ளைகள் வீட்டில் அடுப்பு எரியாதே என்று கவலை. அவர் நெற்றிச் சுருக்கங்களில் தண்ணீர் விட்டால் ஒரு போகம் நெல் விளைந்திருக்கும். அவர் விட்ட பெருமூச்சுகளுக்கு நார்த்தாமலை இன்னும் நகராமல் நிற்பது அதன் நெஞ்சழுத்தம்தான்.

வந்த முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். வகுப்பில் எல்லோருக்கும் ஜோடி பிரித்தார். பேர் கூப்பிட்டால் அந்தப் பேருக்கு உரியவன் வாயைத் திறக்கக் கூடாது. ஜோடிதான் எழுந்து, “இருக்கான் சார்” என்று சொல்ல வேண்டும். வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்பதையும் ஜோடிதான் சொல்ல வேண்டும்.

“தன்னப் பத்திக் கேட்டா எல்லாப் பயலும் நல்லாருக்கேன்னுதான் சொல்லுவான்” என்றார் சார். “பக்கத்துல உக்காந்திருக்கவனக் கேட்டாத்தான் விஷயம் வெளிய வரும்.”

அதற்கு முன் வேலை பார்த்த ஊரில், காய்ச்சலோடு வந்து தினமும் “பிரசன்ட் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பையன், பிறகு ஒரு நாள் வராமலே போய்விட்டானாம். ஒரே ஒருமுறைதான் அதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பியவர், மணி அடிக்கிற வரைக்கும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு வாய்த்த ஜோடி காளிமுத்து. அவன் அப்பா எங்கள் ஊரில் குடியிருந்து, ஜெகதாப்பட்டினக் கடற்கரையிலிருந்து கருவாடு கொண்டுவந்து குளத்தூர்ப் பக்கத்துச் சந்தைகளில் விற்பவர். நான் எழுந்து, “சார், இவன்கிட்ட கருவாட்டு வாசம் அடிக்குது சார்” என்றேன்.

“நல்லதாப் போச்சு. கூட்டத்துல தொலைஞ்சாலும் கண்ண மூடிக்கிட்டுக் கண்டுபிடிச்சிரலாம்” என்றார் சார்.

காளிமுத்து சும்மா இருக்கவில்லை. “இவன்கிட்ட புளுகு வாசம் அடிக்குது சார்” என்றான்.

“அப்ப ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. உக்காருங்க” என்றார்.

அடுத்த வாரமே காளிமுத்து வரவில்லை. நான் பெரிய மனுஷன்போல எழுந்து, “வயித்து வலி சார்” என்றேன்.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “பாத்துச் சொல்றியா, நெனச்சுச் சொல்றியா?”

இந்த ஒரு கேள்விக்கு முன்னால் நின்று பிழைத்தவன் எங்கள் வகுப்பில் கிடையாது. ஓடிப் போய்ப் பார்த்தேன். காளிமுத்து கூரை மேல் உட்கார்ந்து, காயப்போட்ட கருவாட்டுக்குக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து சொன்னேன். “சாப்பிட்டானா?” என்றார். மறுபடி ஓடினேன். அன்று நான் நடந்த நடைக்குக் காசிக்குப் போய்க் கங்கையில் முழுகிவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

பள்ளிக்கூடம் முடியும் முன்பே காளிமுத்துவின் அப்பா காலமாகி, அவன் தாய்மாமனோடு கடலுக்குப் போய்விட்டான். நாங்களும் ஆளுக்கொரு திசை போனோம். ஜோடிச் சட்டம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். அங்கேதான் ஏமாந்தோம்.

என் கல்யாணத்துக்குச் சாரை அழைக்கத் தாம்பாளத்தோடு போனேன். மாப்பிள்ளை மிடுக்கு அப்போது எனக்கு ஆறு யானை உயரம் இருந்தது.

“வா வைரவா. ஒன் ஜோடி எங்கடா?”

“ஜெகதாப்பட்டினத்துல நல்லாருக்கான் சார்.”

“பாத்துச் சொல்றியா, நெனச்சுச் சொல்றியா?”

தாம்பாளம் என் கையிலேயே இருந்தது. புதுக்கோட்டைக்கு ஒரு பஸ், அறந்தாங்கிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கடற்கரைக்கு ஒரு பஸ் என்று மாறி, அதே தாம்பாளத்தோடு காளிமுத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். வலை பின்னிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

“என்னடா, பொண்ணு கேட்டு வந்தியா? எனக்குத் தங்கச்சி கெடையாதே.”

“நீ நல்லாருக்கியான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு.”

அவன் வலையைக் கீழே வைத்தான். “நல்லா இல்லடா. போன மாசம் மாமன் போயிட்டாரு” என்றான். நான் திரும்பிப் போய்ச் சொன்ன பிறகுதான் சார் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

எல்லா ஜோடிகளுக்கும் இதே பாடுதான். எங்கள் ஆட்களில் இரண்டு பேர் வரப்புத் தகராறில் கோர்ட் வரைக்கும் போனார்கள். வழக்கு நடக்கும்போதே ஒருவன் மற்றவன் வீட்டுக் காய்ச்சல், தலைவலி எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொள்வான், எந்தத் திருப்பத்தில் சார் எதிரே வருவாரோ என்று. கடைசியில் வழக்கை விட உடம்பு விசாரிப்பது பழகிப்போய், சமாதானமாகிவிட்டார்கள்.

சார் ரிடையர் ஆன பிறகு ஓர் ஐப்பசியில் கடல் கொந்தளித்தது. காளிமுத்து போன பாய்மரப் படகு திரும்பவில்லை என்று பஸ் வழியாகவே சேதி வந்தது. நான் ஜெகதாப்பட்டினம் போய்ச் சேர்வதற்குள், நெஞ்சுச் சளிக்காரரான சார் எனக்கு முன்பே அங்கே மணலில் குடையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். காற்றில் குடை சிப்பிபோல மேல்நோக்கிப் புரண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

கரைக்காரர் ஒருவர் என்னிடம், “இவரு காளிமுத்துக்குச் சொந்தமா?” என்று கேட்டார்.

“வாத்தியார்ங்க.”

“எத்தன வயசு வரைக்குங்க வாத்தியாரு?”

 காளிமுத்துவின் மனைவி கைக்குழந்தையோடு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தாள்.  ஒரு அலை போனால் அடுத்த அலையில் ஏதாவது தெரியும் என்று எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றோம். மறுநாளும் அப்படியே.

“என்னத்தப் பாக்குறீங்க எல்லாரும்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

காளிமுத்து. காற்று படகைத் தெற்கே தள்ளி எங்கோ கரை ஏற்றியிருக்கிறது. யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு சாலை வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறான். கடலுக்குப் போனவன் தரை வழியாக வருவான் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவன் மனைவி எழுந்து ஓடினாள். சார் என்னைப் பார்த்து, “டேய், ஒன் ஜோடி சாப்பிட்டானான்னு கேளு” என்றார். குரல் நடுங்கியது. அவர் குளிரால் நடுங்குகிறார் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து கிழக்கே காற்று எழுந்தால் குளத்தூரில் சாருக்குத் தூக்கம் போகும். சுப்பையாவின் பஸ்ஸை மறித்து, “காளிமுத்து கரையில இருக்கானா கேட்டுச் சொல்லு” என்பார். இந்த ஒரு வேலைக்காகவே அரசாங்கம் அந்த வழித்தடத்துக்கு அனுமதி கொடுத்தது என்பது என் அபிப்பிராயம்.

போன வாரமும் அந்த வழியில்தான் சேதி போயிற்று. சுப்பையா புதுக்கோட்டை ஸ்டாண்டில் அறந்தாங்கி கண்டக்டரிடம் சொன்னான். அவர் அங்கே கடற்கரை பஸ்காரரிடம் சொன்னார். பதிலும் அப்படியே கைமாறி, நான் குளத்தூரில் சார் வீட்டு வாசலில் நிற்கும்போது வந்து சேர்ந்தது. காளிமுத்து முந்தின நாள் கடலுக்குப் போனவன், இன்னும் கரை திரும்பவில்லை.



வாசலில் எங்கள் வகுப்பு முழுக்க நின்றது. யாரும் சொல்லாமலே ஜோடி ஜோடியாக நின்றார்கள். வரப்புத் தகராறுக்காரர்கள் ஒரே துண்டில் மாறி மாறி முகம் துடைத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அவ்வளவு நெருக்கத்திலும் யாரும் அதில் வந்து நிற்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாரின் மகன் என்னிடம் வந்து, “அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம் பாக்கலாம்?” என்றார்.

“அடுத்த பஸ் வரைக்கும் பாத்துருவோம் தம்பி.”

அடுத்த பஸ் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. இறங்கியவர்களில் காளிமுத்து இல்லை. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. புயலும் இல்லாமல் ஒருவன் ஏன் திரும்பாமல் இருக்கிறான் என்று நினைக்க நினைக்க, எனக்குப் புயலே தேவலை என்றாகிவிட்டது.

எடுக்கப் போகும்போது சாரின் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டார்கள். அழுது வீங்கிய கண்ணோடு, “தம்பி வைரவா, ஒன் ஜோடி எங்கப்பா?” என்றார்கள்.

வாழ்நாள் முழுவதும் அண்டப் புளுகும் ஆகாசப் புளுகும் சொன்ன நாக்கு இது. ‘வந்துக்கிட்டிருக்காம்மா’ என்று சொல்ல அதற்கு அரை நொடி ஆகாது. பக்கத்தில் சார் கிடந்தார். “தெரியலம்மா” என்றேன்.

அம்மா தலையை ஆட்டினார்கள். “தெரியலன்னு சொன்னியே, அதான் சரி” என்றார்கள். பிறகு அவர்களே மகனைப் பார்த்து, “எடுங்கப்பா” என்றார்கள்.

சுடுகாட்டில் நெருப்பு எழும்போது நான் சாரைப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். அவருக்காக வைத்திருந்த கண்ணீரில் பாதியை, காளிமுத்துக்கு வேண்டியிருக்குமோ என்று எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போனபோது முதல் பஸ்ஸில் காளிமுத்து வந்து இறங்கினான். உதடு வெடித்து, உப்புப் பூத்த வேட்டியோடு வந்தான். கரைக்கு வந்ததும் சேதி கேட்டு, வீட்டுக்குள் போகாமல் அப்படியே பஸ் ஏறியிருக்கிறான். ஆறிய சாம்பலுக்கு முன்னால் போய்க் குந்தினான்.

“காத்தே இல்லடா வைரவா” என்றான். “பாய் அப்படியே தொங்கிப்போச்சு. துடுப்புப் போட்டே வந்து சேந்தோம். காத்து அடிச்சா அடிச்சுதேன்னு கவலைப்பட்ட மனுஷன். அவரு சாவுக்கு நான், காத்தே அடிக்காததால வராமப் போயிட்டேன்.” பிறகு, “அம்மா கேட்டாங்களா?” என்றான்.

“கேட்டாங்க. தெரியலன்னேன்.”

“நெசமாவா? நீயா?” என்று என்னை முதல்முறை பார்ப்பவன்போலப் பார்த்தான்.

சாரின் மகன் அஸ்திக் கலயத்தைக் காவிரிக்குக் கொண்டுபோவதாக இருந்தது. அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள்போலும், அதைக் காளிமுத்துவிடம் நீட்டினார். “நீங்க கடல்ல கரைச்சிருங்கண்ணே. அவரு ஒங்களுக்காக ரொம்ப நாள் கரையிலயே நின்னுட்டாரு.”

நேற்று அதிகாலை ஜெகதாப்பட்டினத்தில் காளிமுத்துவின் படகு கிளம்பியது. சாரின் மகனும் அவனோடு ஏறிக்கொண்டார். என்னையும் கூப்பிட்டார்கள். முழங்கால் தண்ணீரிலேயே முக்தி அடையக்கூடியவன் நான்; கரையில் நின்றுவிட்டேன். பாய் சிறுத்துச் சிறுத்து நகத்தளவு ஆயிற்று. பிறகு அதுவும் தெரியவில்லை. சார் எப்படி அத்தனை வருஷம் இதைத் தாங்கினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெயில் ஏறியது. பக்கத்தில் ஒருவர், “வந்துருவாங்க, உக்காருங்க” என்றார். உட்கார முடியவில்லை.

உச்சிப் பொழுதுக்குப் படகு திரும்பியது. காளிமுத்து தண்ணீரில் குதித்து நடந்து வந்தான். கை வெறுமையாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏண்டா அழுவுற?” என்றான்.

“சாம்பல் கண்ணுல விழுந்துருச்சு.”

“காத்து கடல் பக்கமால்லடா அடிக்குது” என்றான். சொல்லிவிட்டு, தோளில் கிடந்த ஈரத் துண்டால் அவனே என் முகத்தைத் துடைத்துவிட்டான். கருவாட்டு வாசம் அடித்தது. நான் முகத்தை நீட்டியபடியே நின்றேன்.

சார், இதை எழுதுகிற இந்த மத்தியானம் கிழக்கே காற்று கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. காளிமுத்து என் கடையில், அரிசி மூட்டை மேல் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். சாப்பிட்டுவிட்டான். நீங்கள் கவலை இல்லாமல் போய் வாருங்கள்.