இரண்டு குழாய், ஒரு ரிப்போர்ட்

மென்பொருள் எழுதுகிறவன் என்று சொன்னால் எங்கள் ஊர் இணுவிலில் என்னிடம் முதலில் வருவது பிரிண்டர்தான். கலியாண வீட்டுக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "தம்பி, எங்கடை பிரிண்டர் மை இருந்தும் வெள்ளைப் பேப்பர் துப்புது, ஒருக்கா வந்து பாரும்" என்பார். நான் அந்த வேலை செய்வதில்லை என்று விளக்கத் தொடங்கினால், "அப்ப என்ன வேலை?" என்று கேட்பார். அதற்குத்தான் என்னிடம் சரியான பதில் இல்லை. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து, நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று தேடுகிறேன். கண்டுபிடித்தால், நேற்று எப்படி ஓடியது என்பது விளங்காமல் போய்விடுகிறது. இதைச் சொல்வதைவிடப் பேசாமல் பிரிண்டரையே பார்த்துக் கொடுத்துவிடலாம்.

எனக்குப் பயந்த சுபாவம். எழுதிய நிரலை உண்மையான ஆட்கள் பாவிக்கும் கணினியில் ஏற்றும் நாளில் காலைச் சாப்பாடு தொண்டையால் இறங்காது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஆறு பேர். முதலாளியை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறோம். "உந்தப் பயத்தோடை நீ எப்பிடியடா றோட்டிலை மோட்டச் சைக்கிள் ஓடுறாய்?" என்று அண்ணை கேட்பார். முப்பதுக்கு மேல் ஓடுவதில்லை என்பேன். அது உண்மையும்கூட. இவ்வளவு பயந்தவன் ஒரே ஒரு முறை பயப்படாமல் எழுதிய நிரலின் கதை இது.

ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை ஆய்வுகூடம் எங்கள் வாடிக்கையாளர். இரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் ரிப்போர்ட் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்துவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது நாங்கள். ஒரே ஆள் இரண்டு பேராகப் பதிவாகிவிடுகிறார் என்பது அவர்களுடைய ஓயாத முறைப்பாடு. குற்றம் எங்கள் பெயர்களில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ஒரு பெயர் போதாது. அடையாள அட்டையில் ஒரு வரி நீளத்துக்கு ஒன்று, வீட்டிலும் ஊரிலும் குஞ்சு, கிளி, ராசன் என்று இன்னொன்று. காய்ச்சலோடு வந்து கவுண்டரில் நிற்கிறவருக்கு எது வாயில் வருகிறதோ அதுதான் கணினியில் ஏறும். வயதானவர்கள் அடையாள அட்டை கொண்டுவர மாட்டார்கள், கேட்டால் கோபிப்பார்கள்.

மாதக்கணக்காக என் உயிரை வாங்கிய அந்த முறைப்பாட்டுக்கு ஒரு நாள் வழி கண்டேன். பெயர் வேறாக இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு பதிவிலும் தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றே, பிறந்த தேதி ஒன்றே, தொலைபேசி இலக்கம் ஒன்றே, இரண்டும் ஆண் அல்லது இரண்டும் பெண் என்றால், அது வீட்டுப் பெயரும் பதிவுப் பெயரும் உள்ள ஒரே ஆள். இரண்டு பதிவையும் ஒன்றாக்கு. ஒரே நாளில் ஒரே பரிசோதனை இரண்டு முறை இருந்தால் அதுவும் அந்தக் குழப்பத்தின் மிச்சம்தான், பிந்தியதை மட்டும் வைத்துக்கொள். இதுதான் நான் எழுதிய விதி. வெளியூரில் எழுதி வரும் மென்பொருள் எதுவும் இப்படிச் செய்யத் துணியாது. பெயர் வேறு என்றால் ஆளும் வேறு என்று அப்பாவியாக நினைக்கும். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும் என்ற திமிர் எனக்கு. பழைய பதிவுகளில் ஓட்டி, முப்பது பேரை எடுத்துப் பார்த்தேன். முப்பதும் சரி.

"உதை ஒரு வெள்ளைக்காரன் ஆயிரம் வருசம் இருந்தாலும் யோசியான்" என்று அண்ணை எல்லோருக்கும் ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். செவ்வாய்க்கிழமை காலை ஏற்றினோம். அன்று நான் பன்னிரண்டு இடியப்பம் சாப்பிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஆய்வுகூடத்தின் மூத்த பரிசோதகர் அக்கா கோல் எடுத்தார். அவர் தேவையில்லாமல் ஒரு சொல்லும் கதைக்கிறவர் அல்ல.

"தம்பி, என்ரை கையிலை ரெண்டு குழாய் இருக்கு. உங்கடை கொம்பியூட்டரிலை ஒரு ரிப்போர்ட்தான் கிடக்கு."

"அது ஒராள் ரெண்டு பேரிலை பதிஞ்சிருக்கும் அக்கா. நேற்று அதைத்தான் திருத்தினனாங்கள்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ஒராளோ? நேற்று ஊசி குத்தினது நான். ரெண்டு பொம்பிளையள், பக்கத்திலை பக்கத்திலை இருந்தவை. இரட்டையள்."

ஒரே தகப்பன். ஒரே பிறந்த நாள். ஒரே வீடு, அந்த வீட்டில் ஒரே தொலைபேசி. இத்தனையையும் விதியில் எழுதிய எனக்கு அந்த ஒரு சொல் கனவிலும் வரவில்லை.

மிச்சத்தையும் அக்கா சொன்னார். சகோதரிகளில் ஒருவருக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. இரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தினமும் ஒரு குளிசை விழுங்குகிறார். அந்த அளவைச் சரிபார்க்க மாதம் ஒரு முறை பரிசோதனை. அதில் வரும் எண் மூன்றுக்குக் கிட்ட நிற்க வேண்டும், குறைந்தால் இரத்தம் கட்டும். மற்றவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கண் ஒப்பரேசனுக்கு முன்னால் அதே பரிசோதனையைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அவருடைய எண் ஒன்று, எல்லோருக்கும் இருப்பதுபோல. காலையில் குளிசை போடுகிறவரின் பெயரில் போன செய்தியில் இருந்தது அந்த ஒன்றுதான். அதைப் பார்க்கும் எந்த டொக்டரும் குளிசை போதாது என்று கூட்டுவார். உண்மையில் அவருடைய எண் நாலரை. ஏற்கெனவே அளவுக்கு மேல். அதற்கு மேலும் கூட்டினால் உடம்புக்குள் எங்காவது இரத்தம் கசியலாம், தலைக்குள்ளும் கசியலாம்.

"எப்ப குளிசை போடுவா அக்கா?"

"பின்னேரம் ஆறு மணிக்கு. உந்தக் குளிசையை எல்லாரையும் அப்பதான் போடச் சொல்லுறது."

இருபது நிமிடத்தில் விதியை எடுத்துவிட்டு, சேர்த்த பதிவுகளைப் பழையபடி பிரித்தேன். அதெல்லாம் சுலபம். அனுப்பிய செய்தியைத் திருப்பி எடுக்கத்தான் உலகத்தில் ஒரு வழியும் இல்லை. விதி ஏறியதிலிருந்து அனுப்பிய செய்திகளில் அது கை வைத்தவை ஒன்பது. அக்காவும் நானும் ஆளுக்குப் பாதியாகக் கோல் எடுத்தோம். எட்டுப் பேரும் உண்மையிலேயே இரண்டு பெயர் உள்ள ஒரே ஆட்கள். என் விதி எட்டுக்குச் சரி. ஒரு துளி சந்தோசமும் வரவில்லை. ஒன்பதாவது, அந்தச் சகோதரிகளின் இலக்கம், மணி அடித்து அடித்து நின்றது. பதினான்கு முறை எடுத்தேன். டொக்டருடைய தொலைபேசி நிறுத்தியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்தால், அவர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நிற்கிறார் என்றார்கள்.

"அண்ணை, நான் நேரை போறன்."

"எங்கையடா?"

"பண்டத்தரிப்புக்கு."

"விலாசம்?"

விலாசம் என்ற பெட்டியில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தது. அதைக் கட்டாயம் நிரப்பத் தேவையில்லை என்று வைத்தவனும் நான்தான். கவுண்டரில் வரிசை நகரவில்லை என்று முறைப்பாடு வந்தபோது இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்த சின்ன மாற்றம் அது.

நாலரைக்குப் புறப்பட்டேன். மானிப்பாயில் பள்ளிக்கூட வான்கள், சண்டிலிப்பாய்க்குக் கிட்ட வெங்காயம் ஏற்றிய ஒரு லாண்ட்மாஸ்டர் குட்டி உழவு இயந்திரம் நடு றோட்டில் ஊர்ந்துகொண்டு. அதை விலத்தும்போது மீட்டர் அறுபதில் நின்றது. அந்த மனிசி வழமைக்கு முந்திக் குளிசையைப் போட்டிருந்தால்? டொக்டர் மூன்று மடங்காகக் கூட்டியிருந்தால்? அந்த நேரத்திலும் மண்டைக்குள் ஒரு மூலை, பிறந்த தேதி ஒன்றாக இருக்கும்போது வேறு எதை ஒப்பிடலாம் என்று விதியைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தது. என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

சந்தியில் ஒரு கடையில் நிறுத்தி, "ரெண்டு வயசான சகோதரியள், ஒரு வீட்டிலை இருக்கிற ஆக்கள்..." என்று தொடங்கினேன்.

"ஆர், இரட்டையள் வீடோ? மதவடியாலை திரும்பி மூண்டாவது படலை" என்றார் கடைக்காரர், தராசிலிருந்து கண் எடுக்காமல். ஊர் முழுக்கத் தெரிந்த விசயம். என்னுடைய அட்டவணையில் மட்டும் அதற்கு இடமில்லை.

படலையைத் திறக்கும்போது மணி ஐந்தே முக்கால். விறாந்தையில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவர் கட்டையாக, உருண்டையாக. மற்றவர் நெடுப்பமாக, மெலிந்து. முகத்தில்கூட ஒற்றுமை இல்லை. உருண்டையானவருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஒரு பீரிஸ் தட்டு, அதில் இரண்டு குளிசை, ஒரு தம்ளர் தண்ணீர். போடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, அந்தக் குளிசையைப் போடாதேங்கோ!"

"நீர் ஆர்?" என்றார் மெலிந்தவர், எழும்பி நின்று.

"லாப்பிலை இருந்து வாறன். காலமை வந்த ரிப்போர்ட் பிழை."

"அதெப்பிடிப் பிழை? டொக்டர் அதைப் பாத்துத்தானே இண்டையிலை இருந்து ரெண்டு போடச் சொன்னவர். கையாலை எழுதினதில்லைத் தம்பி, கொம்பியூட்டர் அடிச்சது."

"கொம்பியூட்டரிலைதான் பிழை வந்திட்டுது அம்மா."

"கொம்பியூட்டர் பிழை விடாது. ஆக்கள்தான் விடுறது."

எங்கள் தொழிலில் யாரும் பிழை விடுவதில்லை. பிழை தானாக 'ஏற்படும்'. வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதங்களில் நான் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். அந்த விறாந்தையில் அது எடுபடாது.

"நான்தான் அம்மா. அதை எழுதினது நான். உங்கள் ரெண்டு பேரையும் ஒராள் எண்டு எழுதிப்போட்டன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உருண்டையானவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"எங்களைப் பெத்த மனிசி சாகுமட்டும் ஒரு நாளும் எங்களை மாறிக் கூப்பிடேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சரி, அப்ப நான் இண்டைக்கு எத்தினை போடுறது?"

எனக்குத் தெரியாது. ஒன்றா, அரையா, வேண்டாமா என்று சொல்ல நான் யார்? "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, லாப் அக்கா டொக்டரோடை கதைச்சிட்டு எடுப்பா" என்றேன். சுவர் மணிக்கூட்டில் ஆறு ஆனது. பல வருடப் பழக்கத்தில் அவருடைய கை தானாகப் பீரிஸுக்குப் போயிற்று. நான் என்னை அறியாமல் பீரிஸை என் கையால் மூடினேன். அப்படியே இருபது நிமிடம். அந்த நேரத்தில் மெலிந்தவர் என் பதினான்கு கோல்களுக்கும் விளக்கம் சொன்னார். தெரியாத இலக்கம் என்றால் அவர்கள் எடுப்பதில்லை. லொத்தரிலை பரிசு விழுந்திருக்கு என்று ஏமாற்றுகிறார்களாம். "ஆரோ ஒரு கள்ளன் இண்டைக்கு விடாமல் அடிக்கிறான் எண்டு கதைச்சனாங்கள்."

ஆறு இருபதுக்கு அக்கா எடுத்தார். தொலைபேசியை உருண்டையானவரிடமே கொடுத்தேன். அவர் "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கும் நாளைக்கும் ஒண்டுமே போடவேண்டாமாம். நாளண்டைக்குத் திரும்ப இரத்தம் பாக்கட்டாம்."

இரண்டு குளிசையையும் எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். நான் படியில் இருந்துவிட்டேன். மெலிந்தவர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, "சீனி காணுமோ?" என்று கேட்டார்.

புறப்படும்போது உருண்டையானவர் படலை வரை வந்தார். "வாற மாசமும் மெசேஜ் வருமெல்லே. அதை நம்பலாமோ தம்பி?"

ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். பிழையைத் திருத்தியாகிவிட்டது, அது எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. "வந்த உடனை எனக்கு ஒருக்காக் கோல் எடுங்கோ அம்மா. நான் பாத்துச் சொல்லுறன்" என்று திரும்பிப் போய் அவர்களுடைய கலண்டரில் என் இலக்கத்தை எழுதிவிட்டு வந்தேன்.

அந்த விதி இன்றுவரை திரும்ப ஏறவில்லை. ஆய்வுகூடம் பழையபடி முறைப்பாடு செய்கிறது. "இரட்டையளை மட்டும் விட்டிட்டு மற்றதைப் போடன்ரா" என்று அண்ணை கிழமைக்கு ஒரு தரமாவது சொல்கிறார். வேறு எதை யோசிக்கவில்லை என்பதை எப்படி யோசிப்பது? நான் ஒவ்வொரு முறையும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தள்ளிப் போடுகிறேன்.

மாதாமாதம் அவரிடமிருந்து கோல் வரும். "இஞ்சை ரெண்டு புள்ளி எட்டு எண்டு கிடக்குத் தம்பி." கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அக்காவுக்கு எடுத்து, குழாயில் ஒட்டியிருக்கும் பெயரை வாசிக்கச் சொல்லி, கேட்டு, பிறகுதான் சொல்வேன்: "ஓம் அம்மா, இது உங்கடைதான்." நாலு மாதம் இப்படி.

போன மாதம் செய்தி போன நாளில் கோல் வரவில்லை. அடுத்த நாள் பதினொரு மணியாகியும் வரவில்லை. அதற்கு மேல் தாங்காமல் நானே எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். என் இலக்கம் இப்போது அவருக்குத் தெரியும்.

"ஓம் தம்பி, மெசேஜ் நேற்றே வந்திட்டுது. டொக்டருக்குக் காட்டி, குளிசையும் போட்டாச்சு."

"எனக்குக் கோல் எடுக்கேல்லையே அம்மா?"

"உம்மை ஏன் மாசாமாசம் கரைச்சல் படுத்துவான்? எல்லாம் சரியாத்தானே வருது. இனி அதை நம்பலாம்."

எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார். அவருடைய பதிவு என் திரையில் திறந்துதான் இருந்தது. எண் சரி. ஆளும் அவர்தான்.

"இல்லையம்மா, கரைச்சல் இல்லை. எடுங்கோ. ஒரு மாசமும் விடாமல் எடுங்கோ" என்றேன். அண்ணை தன் மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.