பேன்ட் இல்லாத ஞாயிறு

அலோய்ஸ் ஹவ்ரானெக் ப்ராக் மெட்ரோவில் இருபத்தெட்டு வருடம் ரயில் ஓட்டியவர். க்ளாட்னோ ஊர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். சிறுவயதில் கரி படியாத துணியையே பார்த்ததில்லை என்பதாலோ என்னவோ, அவருடைய பேன்ட் மடிப்பில் கத்தி வைத்தால் கத்திதான் மழுங்கும். மனைவி ரூஜெனாவைக்கூட அதைத் தேய்க்க விடமாட்டார். குழந்தை இல்லை. சிநேகிதர் என்று சொல்லவும் யாருமில்லை. மதியம் பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டியையும் வெங்காயத்தையும் தனியாக உட்கார்ந்து தின்பார், வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. நடைமேடைக் கண்காணிப்பு வேலையில் நான் சேர்ந்த முதல் மாதமே, கோட்டில் ஒரு பொத்தான் போடவில்லை என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டவர். "யார்மிலா, உன் கோட்டையே உனக்கு ஒழுங்கா போடத் தெரியல, உன்னை நம்பி யாரு ரயில் ஏறுவா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். அவர் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டினார்கள். நான் பல்வலி என்று லீவு போட்டேன்.

அதன்பின் பதினோரு வருடம் ஓடிவிட்டது. கடைசி இரண்டு வருடமாக அவர் கண்ணிலேயே படவில்லை. கடையில் ரூஜெனாவைப் பார்த்தால், "அவரா? காட்டு வீட்டுல இருக்காரு. காளான் பறிக்கறதே பொழுதா போச்சு" என்பாள். எங்கள் ஊரில் பாதிப் பேர் காட்டோரக் குடிசையே கதி என்று கிடப்பவர்கள்தான். டிசம்பர் பனியில் ஏது காளான் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு வரும். அன்று இளவட்டங்கள் மேலே கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, கீழே வெறும் ஜட்டியோடு ரயில் ஏறுவார்கள். ஒன்றுமே நடக்காதது போல பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சிரிக்கக் கூடாது. யார் என்ன கேட்டாலும் முகம் மாறாமல் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. எனக்கும் அது பிடிக்கும், பொய் சொல்வானேன்.

அந்த வருடம் மைனஸ் ஒன்பது டிகிரி. மூன்றரை மணிக்கு அலோய்ஸ் படியிறங்கி வந்தார். சீருடைக் கோட்டு, டை, தொப்பி, பளபளவென்று ஷூ. கீழே வெள்ளை ஜட்டி. எழுபத்து மூன்று வயதுத் தொடைகள் சிவந்திருந்தன. சுற்றியிருந்த பிள்ளைகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஒரு பெண் வந்து அவர் கோட்டில் அந்த வருடத்து விளையாட்டு பேட்ஜைக் குத்திவிட்டாள்.

"என்ன சார், நீங்களுமா?" என்றேன்.

"நாலு மணி ஷிஃப்ட். டிப்போவுக்குப் போகணும்" என்றார், துளிச் சிரிப்பில்லாமல்.

என்னமாய் நடிக்கிறார் கிழவர் என்று வியந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது. என்னைப் பொத்தானுக்காக அழவைத்த மனுஷன் இப்போது எந்தக் கோலத்தில் நிற்கிறார் பார் என்கிற சந்தோஷம்.

"அப்ப சீக்கிரம் ஏறுங்க சார், வண்டி உங்களுக்காகத்தான் நிக்குது" என்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தேன். அவரும் திருப்பி வைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாக வண்டியில் ஏறிவிட்டார்.

ஐந்து மணிக்கு ரூஜெனா வந்தாள். தலையில் குல்லாய் இல்லை, காலில் வீட்டுச் செருப்பு, கையில் ஒரு பேன்ட். எதிர்ப்பட்ட பிள்ளைகளிடம், "பேன்ட் போடாம ஒருத்தர் இப்படிப் போனாரா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"எந்த ஆளு பாட்டி? நாங்களே இருநூறு பேர் போயிட்டிருக்கோம்!"

சிரிக்கக் கூடாது என்ற விதியெல்லாம் அப்போது பறந்துவிட்டது. மொத்த நடைமேடையும் சிரித்தது. அவள் அவர்களுடைய கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்னவென்றே அவளுக்குப் புரியவில்லை.

நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"அவருக்கு ஞாபகம் போச்சு, யார்மிலா. ரெண்டு வருஷமாச்சு. நான் யாருன்னே தெரியல. வெளிய சொன்னா அவருக்குத்தானே அவமானம்னு மறைச்சேன். நான் குளிக்கப் போன நேரத்துல கதவைத் திறந்துட்டுக் கிளம்பிட்டாரு."

டிப்போ இருந்த கடைசி நிலையத்துக்கு போன் போட்டேன். பழைய டிப்போ வாசலை அடைத்து ஆறு வருடம் ஆகிறது. அது அவருக்குத் தெரியாது. சுவரோரம் தேடச் சொன்னேன். வாசல் இருந்த இடத்தில், பனியில் உட்கார்ந்தபடி இருந்தார். பேட்ஜைப் பார்த்துவிட்டு, விளையாட வந்த குடிகாரன் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். தூக்கும்போதே உயிர் இல்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ரூஜெனா அந்தப் பேன்ட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"இருந்த பேன்ட் எல்லாத்தையும் பீரோல வெச்சுப் பூட்டினது நான்தான். அது இல்லாம வாசப்படி தாண்டமாட்டாரு, அவ்வளவு மானஸ்தர்னு நினைச்சேன். அப்படியே தாண்டினாலும், பேன்ட் இல்லாத கிழவனை ஊர்ல யாராச்சும் ஒருத்தர் நிறுத்திருவாங்கன்னு நம்பினேன்." என் முகத்தைப் பார்த்தாள். "ஒருத்தர்கூடவா அவரைப் பார்க்கல?"

"பார்த்தோம் அக்கா" என்றேன். "எல்லாருமே பார்த்தோம்."