இல்லாத மனைவியின் அளவு

நீங்கள் போட்டிருக்கும் உள்ளாடையைப் பற்றி இன்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள். காலையில் எடுத்து மாட்டியிருப்பீர்கள், அத்தோடு மறந்திருப்பீர்கள். அப்படி மறக்க முடிவதே ஒரு சலுகை என்று யாரும் உங்களுக்குச் சொன்னதில்லை. அந்தச் சலுகை கிடைக்காமல் பாதி ஆயுளைக் கழித்தவள் ஒருத்தி இருக்கிறாள்.

கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பது அவள் தொழில். மேற்கூரையை ஒரு சொட்டு சிந்தாமல் அடித்து முடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அதனால் வேலையிடத்தில் ‘சீலிங் அக்கா’ என்று பெயர். அதற்கு முன்பு வேறொரு குழுவில் பல வருடம் வேலை பார்த்தபோது எல்லோரும் அவளை அண்ணன் என்றார்கள். அவள் திருநங்கை என்பது அன்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

முதல் பிராவை அந்தக் காலத்தில்தான் வாங்கினாள்.

“யாருக்கு சார்?” என்றார் கடைக்காரர்.

“மனைவிக்கு.”

“என்ன சைஸ்?”

இல்லாத மனைவிக்கு என்ன சைஸ் சொல்வது?

“சரி, ஆளு எப்படி இருப்பாங்க? அதையாவது சொல்லுங்க.”

கடை வாசலில் ஒல்லியாக ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு போனாள். “அதோ, அவங்க மாதிரி,” என்று கை காட்டிவிட்டாள். அவர் முப்பத்திரண்டை எடுத்து மடித்துக் கொடுத்தார்.

வீட்டில் கொக்கிகள் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் நாடா வைத்துக் கட்டிக்கொண்டாள். அளவு தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. உடம்புதான் தப்பு என்று நினைத்தாள். சிறு வயதிலிருந்து உலகம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதானே! கடைக்காரருக்கு வேறு நல்ல ஞாபகசக்தி. போகும்போதெல்லாம், “அதே முப்பத்திரண்டுதானே சார்? வீட்டம்மா உடம்பை நல்லா மெயின்டெயின் பண்றாங்க,” என்பார். பெரியதாக ஒன்று போட்டுப் பார்க்கலாமா என்று தோன்றிய நாளிலும், மனைவி திடீரென்று குண்டாகிவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. தெருவில் குடையோடு போன யாரோ ஒருத்தியின் அளவை வருடக்கணக்கில் சுமந்தாள். விலாவைச் சுற்றிக் கறுத்த தழும்பு விழுந்தது.

இடுப்புக்குக் கீழே இன்னும் மோசம். முன்பக்கம் தட்டையாகத் தெரிய வேண்டுமென்று மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டாள். ஜன்னல் ஓரத்தில் பெயிண்ட் படாமலிருக்க ஒட்டுகிற அதே டேப்தான். கையில் இருந்த சாமான் அது. சுவரிலிருந்து உரித்தால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. தோல் சுவரா? உரிக்கும்போதெல்லாம் தோலும் சேர்ந்து வந்தது. கழிப்பறையில் உரித்து மறுபடி ஒட்டப் பயந்து பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். ஒரு நாள் சிறுநீரில் ரத்தம் வந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, “இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்றார். மாத்திரை எழுதினார். டேப்புக்குப் பதில் எதைப் போடலாம் என்று சொல்லவில்லை. காலில் புண்ணோடு வருகிறவனிடம் செருப்பு எதற்கு என்று இவர் கேட்பாரா? கேட்க மாட்டார். இந்த உடம்பென்றால் மட்டும் படித்தவர் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வந்துவிடும்.

பிறகு அவள் வேறொரு மருத்துவரைத் தேடிப் பிடித்தாள். ஹார்மோன் சிகிச்சை தொடங்கினாள். பழைய குழுவை விட்டாள். புதிய மேஸ்திரியிடம் பெண்ணாகவே போய் வேலை கேட்டாள்.

மேஸ்திரி மழுப்பாமல் பேசுகிற ஆள். “ஒரு பெரிய ஹாலு இருக்கு. சீலிங்கை முடிச்சுக் காட்டு. வேலை ஓடினா நீ இங்க நிரந்தரம். வேலை நின்னா, யாராவது பிரச்சினை பண்ணா, உனக்காக நான் சண்டை போட மாட்டேன்.”

அந்த ஹால் கைவிட்டுப் போனால் மறுபடியும் பழைய குழு, பழைய பெயர், அண்ணன். வேறு போக்கிடம் இல்லை.

முதல் நாள் சாரத்தில் ஏறி ரோலரைத் தூக்கினாள். கை மேலே போனதும் முப்பத்திரண்டின் பட்டையும் மேலே ஏறியது. சிகிச்சையில் மார்பு லேசாக வளரத் தொடங்கியிருந்தது, தொட்டாலே வலிக்கிற சமயம். அதன்மேல் பிராவின் அடிக்கம்பி போய் அழுத்தியது. நாலு இழுப்புக்கு ஒருமுறை ரோலரை வைத்துவிட்டு ஆடையைச் சரிசெய்தாள். நிரப்புவதற்காக உள்ளே வைத்திருந்த ஸ்பாஞ்ச் நழுவி, சட்டைக்கு அடியில் இறங்கி, கீழே இருந்த பெயிண்ட் வாளியில் ‘தொபுக்’கென்று விழுந்தது.

கீழே சுவரின் பள்ளங்களை நிரப்பப் பட்டி பூசிக்கொண்டிருந்த மூத்த பெண் எட்டிப் பார்த்தாள். அவளை எல்லோரும் பட்டிக்காரம்மா என்பார்கள். மூலையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனும் பார்த்தான். ஆனால் சிரிக்கவில்லை, ஒயரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பட்டிக்காரம்மா ஸ்பாஞ்சை எடுத்துப் பிழிந்தாள். “ஏன்டி, சீலிங்கை இதால அடிக்கலாம்னு பாக்கறியா?”

சாரத்தில் இருந்தவள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “கிண்டல் பண்ணாதக்கா. வேலை போயிடும்.”

“எறங்கி வா. காட்டு.” சாமான் அறைக்குள் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தவள் அதிர்ந்துபோனாள். “அடிப்பாவி! யாரோடதுடி இது?”

“என்னோடதுதான்.”

“உன்னோடதா? இது என் தங்கச்சி மகளுக்கே பத்தாதே! நாளைக்கு லீவுதானே, என்கூடக் கடைக்கு வா.”

மறுநாள் பெரிய துணிக்கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. அளவெடுக்கலாமா கூடாதா என்று அவள் தயங்கும்போதே மேற்பார்வையாளர் வந்துவிட்டார்.

“சார், இது லேடீஸ் செக்‌ஷன். ட்ரையல் ரூமுக்குள்ள விட முடியாது.”

“யாருய்யா சாரு?” என்றாள் பட்டிக்காரம்மா. “நானா? மீசையை எங்க விட்டுட்டு வந்தேன்னு தெரியலையே!”

“நான் உங்களைச் சொல்லலம்மா. மத்த கஸ்டமருங்க சங்கடப்படுவாங்க.”

சீலிங் அக்காவுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. எத்தனையோ கடைகளிலிருந்து அப்படித்தான் ஓடியிருக்கிறாள். ஆனால் பாதியில் நிற்கும் சீலிங் கண்முன்னே வந்தது. “எந்தக் கஸ்டமர்னு காட்டுங்க. நானே கேக்கறேன்,” என்றாள்.

அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒருத்தி. தோளில் தூங்கும் கைக்குழந்தை, கையில் நாலு நைட்டி.

“சார், ரூமுக்குக் கதவு இருக்கா?” என்றாள் அவள்.

“இருக்கும்மா.”

“தாழ்ப்பாள்?”

“இருக்கு.”

“அப்புறம் எனக்கு என்ன சங்கடம்? ஏங்க, சீக்கிரம் போட்டுப் பாத்துட்டு வாங்க. அடுத்து நான் போகணும், இது முழிச்சிக்கும்.”

மேற்பார்வையாளர் வழிவிட்டார். ‘மத்தவங்க’ என்கிற வார்த்தையின் லட்சணமே அதுதான். வெளிச்சத்துக்கு இழுத்தால் அதற்குள் ஆளே இருக்காது.

விற்பனைப் பெண் மார்புக்குக் கீழே, விலாவைச் சுற்றி இஞ்ச் டேப்பை வைத்து அளந்தாள். “மூச்சை அடக்காதீங்கக்கா, விடுங்க. நாப்பது.”

“அவ்வளவா?”

“எலும்போட சுத்தளவுக்கா. அதுல என்ன அவ்வளவு, இவ்வளவு?”

பட்டை நாற்பது, கப் சின்னது. கம்பி இல்லாதது, அகலப் பட்டை, கப்புக்குள் திண்டு வைக்கப் பை தைத்தது. வெளிக்கொக்கியில் மாட்டிப் பார்க்கச் சொன்னாள் அந்தப் பெண். துவைக்கத் துவைக்கப் பட்டை தளரும், அப்போது உள்கொக்கிக்குப் போகலாமாம். அறைக்குள் சீலிங் அக்கா ரோலர் பிடிப்பது போலக் கையைத் தூக்கினாள். குனிந்தாள். திரும்பினாள். பட்டை முதுகில் வைத்த இடத்தில் நின்றது. பட்டைக்குள் இரண்டு விரல் போய் வந்தது, அதுதான் சரியான அளவு.

கீழே போட, முன்பக்கம் இறுக்கமான துணி வைத்த, இடுப்பு உயர்ந்த ஜட்டி. கால் நடுவில் அகலமான பருத்தித் துண்டு. டேப் இல்லாமலே தட்டையாக நின்றது, கழிப்பறையில் இறக்கி ஏற்றலாம். மரத்தாலோ வலித்தாலோ உடனே கழற்ற வேண்டும், தூங்கும்போது போடவே கூடாது என்று அவளுடைய புதிய மருத்துவர் சொல்லியிருந்தார்.

நிறத்தை அவளே எடுத்தாள். அதில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. வெள்ளையைத் தள்ளினாள், தன் தோலுக்கு எடுப்பாக அடர்ந்த நாவல்பழ நிறத்தைத் தேர்ந்தாள். ஓரத்தில் கொஞ்சம் லேஸ், முன்கழுத்து ஆழமாக இறங்கிய வெட்டு. அகன்ற தோளில் பார்வை நிற்காமல் நடுவில் இறங்கியது. கண்ணாடியில் நின்றவளை ரொம்ப நேரம் பார்த்தாள். வெளியே குழந்தை அழுதது. அவசரமாகக் கதவைத் திறந்தாள்.

அடுத்த நாள் தண்ணீர் குடித்துக்கொண்டே சீலிங் அடித்தாள். அந்த வாரமே ஹால் முடிந்தது. மேஸ்திரி அண்ணாந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “திட்டு இல்ல. அடுத்தது மேல் மாடி,” என்றார். அவர் பாராட்டு அவ்வளவுதான். அவளுக்கு வேலை நிலைத்தது.

மேல் மாடியில் எலக்ட்ரீஷியன் பக்கத்தில் வந்து நின்றான். “அக்கா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது.”

“ஷாக் அடிக்கற விஷயமா?”

“லீவு நாள்ல... பொம்பளைங்க உள்ளாடை நானும் போட்டுக்குவேன். வீட்டுக்குள்ள மட்டும். என் பொண்டாட்டிக்குத் தெரியும். அவளோடதை எடுத்துதான் போட்டேன்.”

“கிழிஞ்சுதா?”

“கிழிஞ்சுது. திட்டும் வாங்கினேன். நான் ஆம்பளதான்க்கா, அதுல எனக்குக் குழப்பம் இல்ல. அந்தச் சாட்டின் துணி வழவழப்பு பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.”

“பிடிச்சா போட வேண்டியதுதான். முதல்ல உன் உடம்பை அள. உனக்குக் கப்பே வேணாம், கப் வைக்காத லேஸ் பிராவா வாங்கு. கீழ போடறதை முன்னால இடம் விட்டுத் தைச்சதா எடு, இல்லன்னா நசுங்கும்.”

அவன் மனைவியோடு அதே கடைக்குப் போனான். பொய் சொல்லாமல் தனக்குத்தான் என்றான். அதே மேற்பார்வையாளர், “சார், வெளிய நில்லுங்க,” என்றார். ஆண்கள் பக்க அறையில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கும் கூடாது என்றார். அன்றைக்கு அங்கே நின்ற யாரும் வாயைத் திறக்கவில்லை. இருவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். இதைக் கேட்டதும் சீலிங் அக்காவும் பட்டிக்காரம்மாவும் மறுபடி அந்தக் கடைக்குப் போனார்கள். யாருக்கானாலும் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை கொடுங்கள் என்று கேட்டார்கள். “முதலாளிகிட்ட சொல்றேன்,” என்றார் மேற்பார்வையாளர். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கைக்குழந்தைக்காரி எல்லாக் கடையிலும் எல்லா நாளும் நிற்க முடியாது. நீங்கள் நிற்கலாம். அடுத்த முறை துணிக்கடைக்குப் போகும்போது, “இந்த ட்ரையல் ரூம்ல யார் வேணும்னாலும் போட்டுப் பாக்கலாமா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். மற்ற கஸ்டமர்கள் சங்கடப்படுவார்கள் என்று பதில் வந்தால், அந்தக் கஸ்டமர் நான்தான், எனக்கு ஒரு சங்கடமும் இல்லை என்று நாலு பேர் காதில் விழச் சொல்லுங்கள்.