பேரிகைச் சாலையில் ஒரு கல் வரிசை

பேரிகைக்குப் போகும் வழியில் எங்கள் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலையோரச் சரிவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறது. மண்ணை மழை அரித்துப் போகாமலிருக்க, இரண்டு அணியாகப் பிரிந்து குறுக்கே கல் அடுக்குகிறார்கள். என் ஐந்து வயது மகள் யாழினி கையை உதறிவிட்டு அவர்களோடு சேர்ந்துகொள்கிறாள். அவளுக்கு நேற்றுத்தான் சளி குறைந்தது. கூப்பிடலாமா, விடலாமா என்று நான் யோசிப்பதற்குள் முழங்கால்வரை செம்மண்.

மேலிருந்து குடத்துத் தண்ணீரை ஊற்றுவார்களாம். கல் சரியாத அணிதான் ஜெயிக்கும். யாழினியின் வரிசையில் எங்கு பார்த்தாலும் ஓட்டை. தோற்றால் அழுவாளே என்று சேற்றை அள்ளி இடுக்குகளை அடைக்கிறேன்.

"ஐயோ அக்கா, என்ன பண்றீங்க?" இளம் டீச்சர் ஓடி வருகிறார். "நாங்க இருளருங்க, இடுக்குல புல்லைத்தான் சொருகுவோம். தண்ணி போவணும், மண்ணுதான் நிக்கணும்."

"ஓட்டை இருந்தா இடிஞ்சிடாதா?"

"அடைச்சாத்தான் இடியும்!"

அதற்குள் மேலே குடத்தைக் கவிழ்த்துவிடுகிறார்கள். தேங்கிய தண்ணீர் கற்களைத் தள்ளிக்கொண்டு என் புடவைமேல் பாய்கிறது.

"ஆன்ட்டி அவுட்டு!" பிள்ளைகள் குதிக்கிறார்கள். யாழினி அழவில்லை; எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறாள்.

திரும்ப அடுக்குகிறோம், இம்முறை புல் சொருகி. தண்ணீர் மெல்லக் கசிந்து இறங்குகிறது. மண் கல்லுக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. யாழினி என் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.

சக்கரம் மாட்டியாயிற்று, ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார்.

"இன்னும் ஒரே ஒரு குடம்ண்ணா!" என்று கத்துகிறேன்.