கூடாரத்துக்குள் ஒரு கால்

ஒட்டடைக்குச்சி எங்கே என்று கோல்ஃப் மைதானத்தில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறார். வண்டி இரைச்சலில் காது பாதி போய்விட்டது. மனைவி திட்டுவதும் பாதிதான் கேட்கும். வேலையில் அவருக்குக் கிடைத்த ஒரே போனஸ் அதுதான்.

அந்த மாதத்தோடு புல்வெட்டும் வேலை வெளியாட்களுக்குப் போகிறது. ஊழியர் போட்டியில் ஜெயிப்பவருக்கு மட்டும் பயிற்சியாளரின் உதவியாளர் வேலை. வேறு போக்கிடம் இல்லை. உயிரைக் கொடுத்து ஆடினார். கூட ஆடிய சமையல்கட்டு மாஸ்டரைவிட ஒரே ஓர் அடி குறைவாக அடித்து முந்தியும் விட்டார்.

பிறகுதான் அடிக்கணக்கு அட்டை என்ற எமன் வந்தான். கோல்ஃபில் ஒருவரின் அடிகளைக் கூட ஆடுகிறவர்தான் எழுதுவார். ஆடியவர் குழி குழியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குழிக்கு, அடித்ததைவிடக் கூடுதலாக எழுதியிருந்தால் அது அவர் தலையெழுத்து. குறைவாக இருந்தால் ஆட்டத்தைவிட்டே நீக்கிவிடுவார்கள். அட்டை வாங்கும் கூடாரத்தில் அதைக் கொடுத்துவிட்டு இரண்டு காலும் வெளியே வந்துவிட்டால், கடவுளே வந்தாலும் திருத்த முடியாது.

அவர் அவசரத்தில் மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு காலை வெளியே வைத்தார்.

ஆட்டம் முழுக்கக் கயிற்றுக்கு வெளியே கூடவே நடந்த மனைவி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏழாவதுல அஞ்சு அடிச்சு என் உயிர வாங்கிட்டு, எட்டாவதுல மூணே அடியில முடிச்சீங்களே!"

மற்றக் காலை எடுக்கப்போனவர் அப்படியே நின்றார். அட்டையில் ஏழுக்கு மூன்று, எட்டுக்கு ஐந்து என்றல்லவா இருந்தது! மொத்தம் ஒன்றுதான். ஆனால் ஏழாவதில் இரண்டு அடி குறைவு.

"விடு, இழுக்காத!"

"ஜெயிச்சதும் பொண்டாட்டி கை கசக்குதோ?"

"ஐயோ, இந்தக் கால் வெளிய வந்தா வேலை போச்சு!"

"காலுக்கு என்னங்க ஆச்சு?" என்று பதறி, இன்னும் பலமாக இழுத்தாள்.

அவர் கூடாரக் கம்பத்தைக் கட்டிக்கொண்டார். "மேடம்! என் கால் உள்ளதான் இருக்கு, பாருங்க! ஏழும் எட்டும் மாறிப்போச்சு! மாஸ்டர், சொல்லுங்க மாஸ்டர்!"

அட்டை வாங்கும் அம்மாள் எழுந்து வந்து குனிந்து, அவருடைய ஷூவைப் பார்த்தார். பிறகு உள்ளே நின்ற மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் வாயைத் திறக்காவிட்டால் அந்த வேலை மாஸ்டருக்கு. மாஸ்டர் கம்பத்தைப் பார்த்தார், மனைவியின் பிடியில் வெளியே நீண்டிருந்த கையைப் பார்த்தார், மூக்கைச் சொறிந்தார்.

"நான்தான் மாத்தி எழுதிட்டேன்," என்றார் கடைசியில். "டேய் ஒட்டடை, கம்பத்த விடுடா. கூடாரம் எல்லார் தலையிலயும் விழப்போகுது."

அட்டையைத் திருத்தினார்கள். "இப்ப போகலாம்," என்றார் அம்மாள்.

அவர் அசையவில்லை. அட்டையை வாங்கி, முதல் குழியிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். வெளியே நின்றவள் ஒவ்வொன்றுக்கும் "சரி," "சரி" என்றாள். கடைசிக் குழி வரும்வரை அவள் அந்தக் கையை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.