சாமி மலையேறுமுன் செட்டை நிறுத்தலாமா?

பெர்லினில் ஆடப் போகிறவர்களுக்கு வாசலிலேயே காதடைப்பான் கொடுக்கிறார்கள். சத்தம் கேட்கத்தான் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். அதைக் குறைத்துக் கேட்க மஞ்சள் பஞ்சையும் அவர்களிடமே இலவசமாக நீட்டுகிறார்கள். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் மேலூர்ப் பக்கம் கூம்புக் குழாயைத் தூங்குகிறவன் ஜன்னலைப் பார்த்துக் கட்டினால்தான் மைக் செட்டுக்காரனுக்கு மரியாதை.

இங்கே ஆற்றங்கரையில் ஒரு திறந்தவெளி ஆட்டக்களத்தில் சவுண்டு ஆபரேட்டராக இருக்கிறேன். ஞாயிறு மதியம் தொடங்கும் டெக்னோ இசை ராத்திரி எட்டு மணிக்கு டாணென்று நிற்க வேண்டும். கோடையில் எட்டு மணிக்கும் இங்கே வெளிச்சம் போகாது, அது வேறு விஷயம். தாண்டினால் அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்கள், நகராட்சி உரிமத்தைப் பிடுங்கும். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வேலை போனால் விசா போகும். விசா போனால் பசுமலையில் பெட்டி கட்டிக் காத்திருக்கும் என் மனைவியும் மகளும் வரவே முடியாது. இவ்வளவும் தெரிந்தும் போன மாதம் ஒரு காரியம் செய்தேன்.

அதற்கு முன் இந்த இசையின் கதை. என் முதலாளி ஸ்டெஃபான் இதைப் பேச ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடைக்காத பாட்டுக்காரனுக்குத் துணையாக ஜப்பானில் ஒரு தாளப்பெட்டி செய்தார்களாம். நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லையென்று யாரும் சீந்தவில்லை. பழைய சாமான் கடையில் கிடந்ததைச் சிகாகோவிலும் டெட்ராய்டிலும் கறுப்பின இளைஞர்கள் சல்லிசாக வாங்கினார்கள். டிஸ்கோவின் மிச்சத்தை வைத்துச் சிகாகோக்காரர்கள் ஹவுஸ் என்ற இசையைக் கட்டினார்கள். கார் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த டெட்ராய்டில் டெக்னோ பிறந்தது. அது கடல் தாண்டி வந்தது. சுவர் இடிந்த பெர்லினின் ஆளில்லாத நிலவறைகளில் கிழக்கத்திப் பிள்ளைகளும் மேற்கத்திப் பிள்ளைகளும் அதற்கு ஒன்றாக ஆடினார்கள். இப்போது இ.டி.எம். என்ற பெயரில் நெருப்புக் கக்கும் மேடைகளில் கோடிகளில் புரள்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் ஸ்டெஃபான் காறித் துப்பாத குறைதான்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஊர் ஞாபகம்தான் ஓடியது. எங்களுக்கும் ஆள் கிடைக்காமல்தான் மெஷின் வந்தது. கல்யாணக் கச்சேரியில் தபேலாவும் டிரம்ஸும் போய் ரிதம் பேட் வந்தது. பிறகு டிராக்டர் டிரெய்லரில் பாக்ஸை அடுக்கிக்கொண்டு டி.ஜே. வந்தது. ஒரு வருஷம் எங்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்கு உறுமி மேளக்காரர்கள் வரமுடியவில்லை. என்னோடு கூட்டாக சவுண்டு சர்வீஸ் நடத்திய கார்த்தி, உறுமிச் சத்தத்தைக் கீபோர்டில் ஏற்றித் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டான். மெஷினுக்குச் சாமி வருமா என்று கேலி பேசினார்கள். வந்தது! என் அத்தைக்கே வந்தது. நான் பாட்டை மாற்றலாமென்று பாதியில் பொத்தானை அமுக்கினேன், அம்புட்டுத்தான். "டேய், நிப்பாட்டாதடா! சாமி இன்னும் மலையேறல!" என்று மொத்தக் கூட்டமும் பாய்ந்தது. பூசாரி திருநீறு பூசி, சாமி மலையேறி, ஆடியவர் சாதாரணமாகத் தண்ணீர் கேட்கும்வரை மேள அடி நிற்கக்கூடாது. நின்றால் அவர் உடம்புக்கு ஆகாது. அந்தப் பயம் அன்றைக்கு என் விரலில் ஏறியதுதான், இன்னும் போகவில்லை.

போன மாதம் எட்டு மணி நெருங்கும்போது, ஸ்பீக்கர் முன்னால் நரைமுடிப் பெண்ணொருத்தி கண்மூடி ஆடிக்கொண்டிருந்தாள். அத்தையின் அதே தோள் குலுக்கல். கடிகாரத்தைப் பார்க்கிறேன், அவளைப் பார்க்கிறேன், விரல் இறங்க மாட்டேன் என்கிறது. எட்டும் தாண்டிவிட்டது. அவளாகக் கண் திறந்து, தண்ணீர் குடித்து, சைக்கிளை எடுத்த பிறகுதான் நிறுத்தினேன். அதற்குள் நகராட்சி ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

"ஏன் நிறுத்தவில்லை?" என்றார் ஸ்டெஃபான்.

"அந்தம்மாவுக்கு அப்போது ஆட்டம் முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் தடுமாறினேன்.

"உன் ரசனை புரிகிறது. ஆனால் உன் கலைக்கு என் உரிமத்தைப் பணயம் வைக்காதே. இன்னொரு முறை நடந்தால் உனக்கு இங்கே வேலை இல்லை."

கலையாம்! நான் பயந்து செத்ததை அந்த மனுஷன் ரசனை என்று எடுத்துக்கொண்டார்.

கார்த்தியிடம் போனில் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தால் பதறிவிட்டான்.

"திருநீறு யாரு மாப்ள பூசுனா?"

"யாரும் பூசல மாப்ள. அதுவா மலையேறிப் போயிருச்சு."

"அதெப்படி அதுவாப் போகும்? நீ பேசாம வந்துரு. டிரெய்லரு புதுசா எடுத்திருக்கேன். இங்க உன்னைய எவன் மணி பாத்து நிப்பாட்டச் சொல்லப்போறான்?"

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றும், சாயங்காலம் எதற்குப் போவது என்று தோன்றும். மனைவி கூப்பிட்டு, "பாப்பா ஜெர்மன்ல ஒண்ணு ரெண்டு எண்ணுறா, கேளுங்க" என்றாள். கேட்டேன். மறுபடி எண்ணச் சொன்னேன்.

நேற்று ஞாயிறு. எட்டு மணிக்கு ஒரு தாடிக்கார இளைஞன் கண்மூடி ஆடிக்கொண்டிருந்தான். மன்னிச்சுரு சாமி என்று முனகிக்கொண்டே சத்தத்தை இறக்கினேன். எல்லாரும் கைதட்டிக் கலைந்தார்கள். அவன் மட்டும் நிசப்தத்தில் ஆடிக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து ஸ்டெஃபான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன். மேடைப் பலகையில் என் குதிகால், அவன் கண் திறக்கும்வரை, உறுமி அடியைத் தட்டிக்கொண்டே இருந்தது.